பார்டர்தானாம்

…எடுக்க முடியாது என்று அந்த டாக்டர் ஒரு தரம்தானே சொன்னார், பிறகு எதற்காக அது இத்தனை தரம் காதில் விழுகிறது, மதுரையில் ரயில் ஏறியதிலிருந்து, திருமங்கலம் தாண்டியும்... "தம்பிக்கு உங்க கிட்னியை எடுக்க முடியாதும்மா." ஜானகியம்மாள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். பங்குனி வெயிலில் என்ன குளிர், குளிரில்லை, இடுப்புக்கு மேலே இரண்டு பக்கமும் ஏதோ கனக்கிற மாதிரி, இத்தனை நாள் அங்கே அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை, ஐம்பத்திரண்டு வயது வரை. சர்க்கரை நோய் இன்னும் வரலை, எல்லையில நிக்குது என்றார், ஆனா சிறுநீர்ல புரதம் போகுது, சில பேருக்கு முழுசா சர்க்கரை வர்றதுக்கு முன்னாடியே கிட்னி கெட ஆரம்பிச்சிடும், உங்களுக்கே ரெண்டும் வேணும் என்றார். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் வேலை பார்க்கும் தீப்பெட்டி ஆபீசில் மருத்துவ முகாம் போட்டபோது இதையேதான் பார்டர் என்றார்கள், பண்டல் கட்டும் பெண்கள் எல்லாரிடமும் பார்டர்தானாம், சுகர் இல்லையாம் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள், பார்டர் என்றால் சேலையில் ஓரமாகக் கிடக்கிற கரைதானே, அது என்ன செய்துவிடும்...

தம்பி பெண்டாட்டி சுதாராணி பக்கத்தில்தான் நின்றாள். "அப்போ எப்பவுமே எடுக்க முடியாதா டாக்டர்?" என்று கேட்டாள், அவளைக் குறை சொல்ல முடியுமா, புருஷன் உள்ளே ஊசியும் குழாயுமாகப் படுத்திருக்கிறான், வாரத்துக்கு இரண்டு நாள். போன தடவைகளில் பிளாட்பாரம் வரை வந்து இட்லிப் பொட்டலம் வாங்கிக் கொடுத்து ரயில் நகரும் வரை நின்றாள். இன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலிலேயே ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டாள். "அவிய வெளிய வார நேரம் மதினி, பாத்துப் போங்க." கிட்னி தருகிறேன் என்று சொன்ன இந்த இரண்டு மாதமாக தினமும் போன், இந்த செல்போனே தம்பி விஜயராஜ் வாங்கித் தந்ததுதான், சாப்பிட்டீங்களா மதினி, மாடிப்படி ஏறாதீங்க மதினி, அவர்கள் மகள் ப்ரியதர்ஷினி கூட, அத்தை நல்லாத் தூங்குனீங்களா... வீட்டுக்காரர் போய்ப் பதினோரு வருஷம், ஒற்றை அறையில் யார் இதெல்லாம் கேட்டார்கள், கேட்கக் கேட்க உடம்பு தன்னுடையது போலவே இல்லை, யாரோ நம்பிக் கொடுத்துவைத்த பொருள் போல அதைக் கவனித்துக்கொண்டாள். இனி யாருக்காக?

விருதுநகரில் ஏறிய அம்மாள் எதிரே உட்கார்ந்து வெற்றிலையை மடித்தாள். "எங்க போயிட்டு வாரிய?" "தம்பியைப் பாத்துட்டு வாரேன். கிட்னி ரெண்டும் போயிட்டு." "அடப்பாவமே, எத்தனை பிள்ளைய?" ஒரு பிள்ளை என்றாள். எனக்கும் கிட்னி கெடுதாம் என்று நாக்கு நுனி வரை வந்தது, அந்த அம்மாள் அதற்குள் தன் மருமகனைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டாள், அவனுக்கும் கல்லடைப்பாம்... வெளியே கரிசல் வெடித்துக் கிடந்தது, பருத்தி எடுத்து முடித்த செடிமார் கருகி நின்றது.

சாத்தூர் வருவதற்குள் போன் அடித்தது. விஜயராஜ். "அக்கா, சுதா சொன்னா. நீ மனசுல ஒண்ணும் வச்சுக்காத." குரல் அடியில் கிடந்தது, டயாலிசிஸ் முடிந்தால் அப்படித்தான். "ஒனக்குக் கொடுக்க முடியலையேய்யா." "விடுக்கா. சுதாவோடது சேருமான்னு பாக்கணுங்காவ." அவள் காத்திருந்தாள். புரதம் போவது என்றால் என்னவென்று அவனைவிட யாருக்குத் தெரியும், அவனுக்கும் இப்படித்தானே தொடங்கியது, இப்போது கேட்பான், ஒனக்கு என்னக்கா சொன்னாவ, எப்ப திரும்ப வரச் சொன்னாவ... "சரிக்கா, வைக்கட்டுமா?" "வைய்யா."

கோபம் வரும் என்று பார்த்தாள், வரவில்லை. வேறென்னவோ வந்தது. ஒன்பது வருஷம் இருக்கும், தீப்பெட்டி ஆபீஸ் போனுக்கு அவன் கூப்பிட்டான், முதலாளி மேசையில் இருந்த போன், முதலாளி பார்த்துக்கொண்டே இருக்கிறார், கையெல்லாம் பசை. "அக்கா, ரத்தம் டெஸ்ட் பண்ணுனேன், சுகர் பார்டர்ல இருக்காம்." அப்ப ஒண்ணுமில்லைல்லா என்றாள். "ஆமா... ஆனா காலு லேசா..." என்று எதையோ தொடங்கினான். சரிய்யா, மொதலாளி இருக்காவ, வைக்கட்டுமா என்று சொன்னது அவள்தான். அதற்கப்புறம் அதைப் பற்றி அவன் பேசவே இல்லை, அவளும் கேட்கவில்லை. காலில் என்ன? வீக்கம் என்று சொல்ல வந்தானா, எரிச்சல் என்றா... ரயில் வேகம் குறைந்தது, கோவில்பட்டி என்று யாரோ பையை இறக்கினார்கள், அவள் இறங்க வேண்டிய ஊர், எழுந்திருக்க வேண்டும், அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள், அன்றைக்கு அவள் வைத்த பிறகு அவன் எவ்வளவு நேரம் போனைக் காதில் பிடித்துக்கொண்டு நின்றிருப்பான்...