பிலிம் வரும்வரை

மோகனசுந்தரம் பத்து வருடமாகத் தன் காருக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறார். ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரிகளின் டயரிலிருந்து தெறிக்கும் கல், காரின் பானட்டில் பட்டால் பெயின்ட் பெயரும். அவர்மேல் பட்டால் பெயராது. அவ்வளவுதான் விஷயம்.

காரை எடுத்த அன்றே ஷோரூமில் கேட்டுவிட்டார்கள். டை கட்டிய ஒரு பெண் கேட்டார்.

"முன்பக்கத்துக்கு என்ன போடறீங்க சார்? பிலிமா, ஆளா?"

"பிலிம்னா என்னங்க?"

"பானட் மேல ஒட்டுவோம். ஒட்டுனதே தெரியாது. கல்லு பட்டாலும் பெயின்ட் போகாது. ஆனா இப்ப ஸ்டாக் இல்ல. அடுத்த வாரம் வந்துரும்."

"அது வர்ற வரைக்கும்?"

"வீட்டுல யாராச்சும் ஓடுவாங்க சார்."

மோகனசுந்தரம் சுற்றிப் பார்த்தார். மனைவி செல்வநாயகிக்கு முழங்கால் வலி. மகள் மிருதுளாவுக்கு நான்கு வயது. "ஒரு வாரந்தானுங்களே, நானே ஓடிக்கறனுங்க" என்றார். வேறென்ன சொல்வார், பாவம். கடல் நீலக் கார். அந்த நிறம் வேண்டுமென்று ஏழு மாதம் காத்திருந்து வாங்கியவர். கண்டிஷன் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஓடுகிறவர் ரோட்டைப் பார்த்தபடியே இருக்கவேண்டும். திரும்பினால் வாரன்ட்டி போய்விடும். படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமைகள் ஒழுங்காக வந்தன. அடுத்த வாரம் மட்டும் வரவில்லை.

செல்வநாயகி கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். பின்னே, வேறு யார் ஓட்டுவது? மாதம் இரண்டு தடவை நாமக்கல்லிலிருந்து கரூருக்கு, அவருடைய அண்ணன் வீட்டுக்குப் போவார்கள். முதலில் நாற்பதில் போனார். கை பழகியதும் எண்பதில் போனார். மோகனசுந்தரமும் எண்பதில் ஓடினார். பழகிவிட்டால் எண்பதொன்றும் பெரிய காரியமில்லை. நூறில்தான் கொஞ்சம் மூச்சு வாங்கும்.

கல் பட்ட இடங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை டச்-அப் பெயின்ட் வைப்பார்கள். நகப்பூச்சு பாட்டில் அளவில் ஒரு பாட்டில், மூடியிலேயே சின்ன பிரஷ். செல்வநாயகி பின்னால் நின்று, அவர் தோளுக்கு மேல் கையை நீட்டி, நெஞ்சிலும் தாடையிலும் தடவித் தடவி இடத்தைக் கண்டுபிடித்து வைப்பார்.

"வலிக்குதுங்களா?"

"இல்ல. கலர் சேருதா?"

"இங்கிருந்து தெரியலீங்க. சேரும்."

வீட்டுக்கு வந்தால் ஓய்வுதானே என்று நீங்கள் நினைக்கலாம். அதெப்படி? கார் தெருவில்தான் நிற்கும். தெருவில் பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள். அவர் பானட்டுக்கு முன்னால் தெருவைப் பார்த்து நிற்பார். சோறும் தோளுக்கு மேல்தான் வரும்.

கார் போகும்போது ஏ.சி.க்காகக் கண்ணாடியை ஏற்றியிருப்பார்கள். தாயும் மகளும் உள்ளே ஏதோ பேசிக்கொண்டே வருவார்கள். என்னவென்று அவருக்குக் கேட்காது. ஒரே ஒரு தடவை பின்சீட்டில் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே கரூர் வரைக்கும் போகவேண்டும். ஆசை என்று அவருக்கு இருந்தது அது ஒன்றுதான்.

சேதி எல்லாம் ஹார்னில் வரும். ஒன்று அடித்தால் டிப்பர். இரண்டு அடித்தால் வேகத்தடை. மிருதுளா பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கிய அன்று மூன்று அடித்தார்கள். மூன்றுக்கு என்ன அர்த்தம் என்று பேசி வைத்திருக்கவில்லை. அவர் எதற்கும் இருக்கட்டும் என்று இடதுபக்கம் ஒதுங்கினார். நான்கு மாதம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. தெரிந்ததும் ஓடிக்கொண்டே அழுதார். கண்ணீர் காற்றிலேயே காய்ந்துவிட்டது.

ஒருமுறை காவிரிப் பாலத்துக்கு முன்னால் ஒரு இன்ஸ்பெக்டர் மடக்கினார்.

"வண்டிக்கு முன்னாடி எக்ஸ்ட்ரா எதுவும் மாட்டக்கூடாது. தெரியுமில்லம்மா?"

"மாட்டலீங்க. அவரா ஓடறாருங்க" என்றார் செல்வநாயகி.

"என்ன மெட்டீரியல்?"

"வீட்டுக்காரருங்க."

"இரும்பு இருக்கா?"

"ரத்தத்துலயே கம்மின்னு டாக்டர் சொல்லியிருக்காருங்க."

"அப்பச் சரி."

இன்ஸ்பெக்டர் டேப்பை எடுத்து மோகனசுந்தரத்தைக் குறுக்கே அளந்தார். கார் கதவையும் அவர் நெஞ்சையும் மாறி மாறிப் பார்த்தார். நிறம் ஒத்துப்போனது. ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றிக்கொடுத்தார். 'முன்பக்கத் தடுப்பு, ஒன்று, கடல் நீலம்.' அதில் மோகனசுந்தரத்துக்கு ஒரு சின்ன சந்தோஷம்கூட. அதுவரை அந்தப் புத்தகத்தில் அவர் வெறும் உரிமையாளர்.

இந்த வருடம் ஒரு வியாழக்கிழமை பிலிம் வந்துவிட்டது. ஷோரூமிலிருந்து போன் செய்து சொன்னார்கள்.

ஷோரூம் கேட்டிலிருந்து பிலிம் ஒட்டும் ஷெட்டுக்கு ஒன்றரை மணிநேரம் ஓடவேண்டியிருந்தது. ஓட ஓட ஷெட் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் அதுவாகவே நின்றது. அங்கே ஒருவர் பானட்டில் சோப்புத் தண்ணீர் அடித்து, பிலிமை விரித்து, ரப்பர் தகட்டால் தண்ணீரையும் காற்றையும் தள்ளித் தள்ளி வெளியேற்றினார். ஓரங்களுக்குச் சூடு காட்டினார். அதே சூட்டை மோகனசுந்தரத்தின் தோளுக்கும் காட்டி, இரண்டு திருகு திருகினார். பத்து வருடத்தில் ஒட்டிப்போயிருந்தவர் காரைவிட்டுத் தனியே வந்துவிட்டார்.

"பழைய பார்ட் வேணுங்களா, நாங்களே வச்சுக்கட்டுங்களா?" என்று கேட்டார் அந்த ஆள். எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் கேட்பதுதான்.

செல்வநாயகி கொஞ்சம் யோசித்தார். யோசித்ததை மோகனசுந்தரம் கவனித்தார். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

"குடுத்துருங்க. வீட்டுல கெடக்கட்டும்."

பின்சீட்டில் செய்தித்தாள் விரித்து அவரை உட்காரவைத்தார்கள். சீட்டின் பாலித்தீன் கவரை இன்னும் பிரித்திருக்கவில்லை. பக்கத்தில் மிருதுளா இருந்தாள். பதினான்கு வயது. கண்ணாடி போட்டிருந்தாள். எப்போது போட்டார்கள்? யாரும் ஹார்ன் அடிக்கவில்லையே.

கார் கிளம்பியது. மிருதுளா முன்பக்கமாகக் குனிந்து மெல்லக் கேட்டாள்.

"அம்மா, இந்த மாமா எங்க எறங்குவாரு?"

"நம்மகூடத்தான் வர்றாரு கண்ணு."

"நாந்தான் சாமி. அப்பா" என்றார் மோகனசுந்தரம்.

மிருதுளா அவர் முகத்தை நன்றாகப் பார்த்தாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோல் மரியாதையாகப் பார்த்தாள்.

"எங்கப்பா முன்னாடி ஓடிட்டிருப்பாருங்க" என்றாள்.

கார் ரோட்டுக்கு வந்தது. முன்னால் ரோடு காலியாகக் கிடந்தது. மிருதுளா சீட்டைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள்.

"அம்மா, அப்பாவக் காணோம்."

செல்வநாயகி கியரை மாற்றினார்.

"வண்டிய நிறுத்தும்மா. அப்பாவக் காணோம்." அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். அவ்வளவு பெரிய பெண், நெஞ்சு விம்ம விம்ம அழுதாள்.

மோகனசுந்தரத்துக்கு விஷயம் விளங்கியது. பெற்றவருக்கு விளங்காதா? பத்து வருடமாக இவள் அவரைப் பின்னாலிருந்துதான் பார்த்திருக்கிறாள். நான்கு வயதுக்குப் பிறகு முகத்தை அவள் பார்த்ததே இல்லை. அவர் காலைச் சீட்டுக்கு மேல் தூக்கி மடக்கிக்கொண்டு, கதவுப் பக்கமாகத் திரும்பி, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

அழுகை நின்றது.

"அப்பா" என்றாள்.

அவர் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டாள். பிறகு பேச ஆரம்பித்தாள். கூடப் படிக்கும் சங்கமித்ரா ஈரோட்டுக்கு மாறிப் போனதைச் சொன்னாள். கணக்கு வரவில்லை என்றாள். பேச்சுப்போட்டியே பிடிக்காது என்றாள். அம்மா யாரோடும் சிரித்துப் பேசுவதில்லை என்று ரகசியமாகச் சொன்னாள். முதுகு நன்றாகத் தெரியட்டும் என்று தான் எப்போதும் நடுவில்தான் உட்காருவேன் என்றாள். அவர் ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டினார். காது நிறைந்துபோயிற்று.

எதிரே ஒரு டிப்பர் வந்தது. கல் ஒன்று டக்கென்று பானட்டில் பட்டது. பெயின்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. யாரும் அதைக் கவனிக்கவுமில்லை.

பேசும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று மோகனசுந்தரத்துக்குப் பார்க்கவேண்டும் போலிருந்தது. திரும்பினால் பேச்சு நின்றுவிடும். அதனால் கதவுக் கண்ணாடியிலாவது அவள் முகம் விழுகிறதா என்று தேடினார். வெளியே நல்ல வெயில். கண்ணாடியில் ரோடுதான் தெரிந்தது.