எதிர்வீட்டு மாப்பிள்ளை

மீன்காட்சியகத்தில் மதியத்துக்கு மேல் கூட்டம் வடிந்துவிடும். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கடைசிப் பேருந்தும் போனபின் பெரிய கூடத்தில் நீல வெளிச்சம் மட்டும் மிஞ்சும். தரையும் சுவரும் கூரையும் அந்த வெளிச்சத்தில் மெல்ல அசைந்துகொண்டிருக்கும். டிக்கெட் கவுண்டரில் இருக்கும் குருவி அந்த நேரத்தில் தன் சக்கர நாற்காலியை ஓட்டிக்கொண்டு பெரிய தொட்டியின் முன்னால் போய் நிற்பாள்.

குருவி என்பது அவள் அண்ணன் வைத்த பெயர். சின்ன உடம்பு, ஓயாத வாய். பிறவியிலேயே தசைகளில் பலமில்லை. வலது கை விரல்கள் மட்டும் சொன்னபடி கேட்கும். அவற்றை வைத்து நாற்காலியை ஓட்டுவாள், டிக்கெட் கொடுப்பாள். மற்றபடி எழுந்து உட்கார, குளிக்க, உடுத்த, தூக்கத்தில் புரண்டு படுக்கக்கூட ஓர் ஆள் வேண்டும். அதற்காக அரசாங்கம் ஓர் அக்காவை அமர்த்தியிருந்தது. அக்கா குருவியின் வீட்டிலேயே தங்கியிருந்தாள். மாதாமாதம் உதவித்தொகையும் வந்தது. கவுண்டர் வேலை வாரத்தில் சில அரை நாட்கள்தான். அது அவள் மனசுக்கு. உயிர் ஓடியது மற்ற இரண்டாலும்.

அவன் தொட்டிக்குள் இருந்தான். முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி, கண்ணாடியின் உட்பக்கத்தில் படியும் பாசியைத் துடைப்பது அவன் வேலை. துடைக்கத் துடைக்க, பாசிக்கு அப்பால் ஒரு முகம் தெளிந்து வந்தது. அது ஏதோ பேசிக்கொண்டே இருந்தது. அவன் தலையாட்டினான். அடுத்தடுத்த நாட்களிலும் ஆட்டினான். ஒருநாள் தலையைத் துவட்டிக்கொண்டே கவுண்டருக்கு வந்தான்.

"அவ்ளோ நேரம் என்னதான் பேசறீங்க?"

"உங்களத் திட்டிட்டிருந்தேன். அந்த மூலைய ஒழுங்காத் தொடைக்கலன்னு."

"அதுக்கா நான் தலையாட்டினேன்?"

"ரொம்ப அழகா ஆட்டினீங்க. அதான் நிறுத்த மனசு வரல."

இப்படித்தான் தொடங்கியது. வருஷம் திரும்புவதற்குள் இருவரும் ஒருமையில் பேசிக்கொண்டார்கள். கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று ஒரு மழைநாளில் அவன் கேட்டான். குருவிக்கு முதன்முறையாகப் பேச்சு வரவில்லை. "அப்பாடா, வாய மூட ஒரு வழி கண்டுபுடிச்சாச்சு" என்றாள் அக்கா.

விவரம் கேட்டு வர அண்ணனும் அவர்களோடு உதவித்தொகை அலுவலகத்துக்கு வந்தான். ஜன்னலோர மேசையில் ஓர் அதிகாரி அம்மாள் இருந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"கல்யாணம் ஆயிட்டா அவர் சம்பளத்தையும் உங்க வருமானமா எடுத்துக்குவோம்மா. உதவித்தொகை நின்னுடும்."

"அக்கா?" என்றாள் குருவி.

"அவங்களும்தான். பாத்துக்கத்தான் வீட்டுல கணவர் இருக்காரேன்னு சொல்லுவாங்க."

அண்ணன் குரலைத் தாழ்த்தினான். "பதிவு பண்ணாம சேர்ந்து இருந்தா மேடம்?"

"ஒரே வீட்டுல இருந்தா அதுவும் கல்யாணக் கணக்குதான் சார்." அவர் மேசையைப் பார்த்தபடி சொன்னார். "நான் போட்ட சட்டம் இல்லம்மா இது."

"அவர் சம்பளம் அக்காவுக்குக் குடுக்கவே பத்தாதே" என்றாள் குருவி.  

திரும்பும் வழியில் அவன் நாற்காலியின் முன் வந்து குந்தி உட்கார்ந்தான். "அக்கா செய்யறத எல்லாம் நான் செய்யறேன். கத்துக்கறேன்."

வாய்ப்பும் தானாக வந்தது. மகளின் பிரசவத்துக்காக அக்கா ஊருக்குப் போக வேண்டியிருந்தது. சில வாரங்கள்தானே என்று அவன் குருவியின் வீட்டில் வந்து தங்கினான். போகுமுன் அக்கா அவனுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். "முட்டிக்குக் கீழ கை குடு. தோள இழுக்காத. அவ பேசிட்டே இருந்தா நல்லா இருக்கான்னு அர்த்தம்."

அந்த வாரங்கள் குருவிக்கு விழிப்பா தூக்கமா என்று பிரித்துச் சொல்ல முடியாதவை. கண் திறந்தால் அவன் முகம். புரட்டிவிடும்போது அவன் கைகளில் தொட்டியின் உப்பு வாசம். தன் உடம்புக்கு எடையே இல்லாமல் போனது போலவும், அறை முழுக்கத் தண்ணீர் நிரம்பி இருவரும் அதில் மெல்லத் திரும்பித் திரும்பி மிதப்பது போலவும் இருந்தது. தலையணையின் ஓரத்தில் சின்ன மீன்கள் வந்து மேய்வதாகக் கனவு கண்டாள்.

ஆனால் அவன் கண்களுக்குக் கீழே கருமை இறங்கிக்கொண்டிருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே தலை சாய்ந்துவிடும்.

ஒரு மதியம் அவன் தொட்டிக்குள் துடைப்பதை நிறுத்தினான். கைகள் இரண்டும் மெல்ல விரிந்து மேலெழும்பின. வெள்ளி மீன் கூட்டம் ஒன்று அவனைச் சுற்றி வளைந்து போனது. விளையாடுகிறான் என்று குருவி சிரித்தாள். பிறகு அவன் கையிலிருந்த துடைப்பான் நழுவிச் சுழன்று சுழன்று அடிக்குப் போனதைப் பார்த்தாள். அவன் கண்கள் மூடியிருந்தன.

"மேல தூக்குங்க! தூங்கறான்! யாராவது மேல தூக்குங்க!"

அவள் குரல் கூடமெங்கும் எதிரொலித்தது. மேல்தளத்தில் இருந்த மேற்பார்வையாளர் ஓடிவந்து, அவன் இடுப்பில் கட்டியிருந்த பாதுகாப்புக் கயிற்றைப் பற்றி இழுத்தார். மேலே வந்ததும் அவன் இருமினான், தண்ணீரைத் துப்பினான், எல்லோரையும் பார்த்துத் திருதிருவென்று விழித்தான். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. 

"போதும்" என்றாள் மாலையில்.

"பழகிடும் குருவி."

"பழக வேணாம். ஆசைப்பட்டா தூக்கு. ஆசை இல்லாத அன்னிக்கு அக்கா தூக்கட்டும். எனக்கு ஒரு புருஷன்தான் வேணும். அவனையே வேலையாளா ஆக்கிட்டு, அப்புறம் புருஷன எங்க போய்த் தேடறது?"

அவன் அழுதான். அவள் அழவில்லை, அழுதால் மூக்கைத் துடைக்க அவனைத்தான் கூப்பிட வேண்டும் என்றாள். அதைக் கேட்டு இருவரும் சிரித்துவிட்டார்கள்.

அக்கா திரும்பி வந்தாள். குருவியின் வீட்டுக்கு நேர் எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், முதல் மாடியில் ஓர் அறை காலியானது. அவன் அங்கே குடிவந்தான். வேலை முடிந்ததும் குருவியிடம் வருவான், சேர்ந்து சாப்பிடுவான், விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம் கழித்துத் தன் வீட்டுக்குப் போவான். சட்டப்படி அவர்கள் எதிரெதிர் வீட்டுக்காரர்கள்.

நகரத்தின் வேறு பகுதியில் அண்ணனோடு இருந்த அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "கேக்கறவங்களுக்கு நான் என்னடி சொல்றது?"

"எதிர்வீட்டுக்காரர்னு சொல்லுங்கம்மா. பொய்யே இல்லயே."

அம்மா தொலைபேசியை வைத்துவிட்டாள். அதன்பின் அவள் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

குருவியின் படுக்கை ஜன்னலிலிருந்து அவன் அறை தெரியும். திரைச்சீலைக்குப் பின்னால் அவன் நிழல் நடமாடும், குனியும், பல் தேய்க்கும். பக்கத்திலேயே இருக்கிறான் என்று சில நாள் தோன்றும். சில நாள் அந்தச் சாலை ஓர் ஆற்றைப்போல அகன்று, அவன் வீடு எதிர்க்கரையில் மெல்ல விலகி மிதந்து போவதுபோல் இருக்கும். அப்போது அவள் அக்காவைக் கூப்பிட்டுச் சும்மா ஏதாவது பேசுவாள்.

குளிர்காலத்தில் அவளுக்குச் சளி நெஞ்சில் இறங்கியது. விடிந்தும் விடியாமலும் ஆம்புலன்ஸ் வந்தது. அக்கா கூடவே ஏறினாள். அவன் செருப்புகூடப் போடாமல் ஈரச் சாலையில் ஓடி, ஓர் ஆட்டோ பிடித்துப் பின்னால் வந்தான். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் செவிலியர் அவனைத் தடுத்தார்.

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

அவன் வாயைத் திறந்தான். கணவன் என்று சொன்னால் அது எங்கெங்கோ போய்ச் சேரும்; அக்கா போய்விடுவாள். நண்பன் என்றால் வெளியே நிற்க வேண்டும். எதிர்வீட்டுக்காரன் என்று சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. ஈரக்காலோடு அந்த வெள்ளைத் தரையில் நின்றுகொண்டிருந்தான்.

அம்மாவும் அண்ணனும் வந்து சேர்ந்தபோதும் அப்படியே நின்றான். அம்மா அவன் காலைப் பார்த்தாள். பிறகு செவிலியரிடம் போனாள்.

"இவரு எங்க வீட்டு மாப்பிள்ளை. ஏன் வெளிய நிக்க வச்சிருக்கீங்க?" பின் அவன் பக்கம் திரும்பி, "நீங்க உள்ள போங்க மாப்பிள்ளை. உங்களப் பாக்கலன்னா அவ மருந்துக்கும் அடங்க மாட்டா" என்றாள்.

அவன் உள்ளே போனதும் அண்ணன் பதறினான். "அம்மா, அவங்க இத எழுதி வச்சுட்டா?"

"எழுதட்டுமே. எனக்கு மாப்பிள்ளைன்னு சொன்னேன். அவளுக்கு என்ன வேணும்னு நான் வாயே தெறக்கல."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

உள்ளே குருவி முகக்கவசத்துக்குள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அவன் அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டான். அவற்றில் ஒன்று அவன் உள்ளங்கையில் மெல்லச் சுரண்டியது. கொஞ்ச நாட்கள் அப்படியே போயின. காய்ச்சல் இறங்கியதும் அவள் முதலில் கேட்டது, "செருப்பு எங்கடா?"

சட்டம் மாறவில்லை. உதவித்தொகையை நிறுத்துவதாக யாரும் சொல்லிக்கொண்டு வரவுமில்லை. அக்கா இருந்தாள். அவன் எதிரிலேயே இருந்தான். கல்யாணம் ஆன பெண்களைத் தெருவில் பார்க்கும்போது குருவிக்கு ஒரு கணம் ஏக்கமாகத்தான் இருந்தது. அதை அவள் அவனிடம் மறைத்ததில்லை.

உடம்பு தேறும்வரை அம்மா குருவியின் வீட்டில் வந்து தங்கினாள். ஒரு சாயங்காலம் சாப்பாடு முடிந்து அவன் வழக்கம்போல் எழுந்தான். வெளியே அதுவரை மழை பெய்துகொண்டிருந்தது.

"மழை விடட்டும் மாப்பிள்ளை. உக்காருங்க" என்றாள் அம்மா.

மழை அப்போதே நின்றுவிட்டிருந்தது. சாலை விளக்கில் பளபளத்தபடி அமைதியாகக் கிடந்தது. குருவி ஜன்னலைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், தன் நாற்காலியை நகர்த்தி அவனுக்கு இடம் விட்டாள். அவன் உட்கார்ந்தான்.