இடது கை தெரியாத படம்

1.

உலக வரலாற்றில், தனக்குச் சொந்தமில்லாத ஒரு துணியை மாட்டிக்கொண்டு கேமரா முன்னால் நிற்காத ஒரே மனிதன் நான். இதை மிகுந்த பொறுப்புணர்வோடு சொல்கிறேன். பள்ளிக்கூட மாறுவேடப் போட்டிக்கு எல்லாரும் ராஜாவாகவும் போலீஸாகவும் வந்தபோது நான் நானாகவே போனேன். ஆறுதல் பரிசுகூடக் கிடைக்கவில்லை. கல்லூரி அடையாள அட்டைக்குப் படம் எடுக்கும்போது ஸ்டுடியோக்காரர் ஆணியில் தொங்கிய கோட்டைக் காட்டி, "மாட்டிக்கோங்க தம்பி, எல்லாரும் போடுறதுதான்" என்றார். "அதனாலதான் வேண்டாம்" என்றேன். இரவல் சட்டையில் எடுத்த படம் என்பது கையெழுத்துப் போட்ட பொய். இது என் கொள்கை. கல்லூரிப் பத்திரிகையில் இதைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன். படித்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் பிழை திருத்துபவர்.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதையும் இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு மனிதரைக் கிண்டல் செய்து கட்டுரை எழுதக் கிளம்பினேன். கட்டுரை கையை விட்டுப் போய்விட்டது. மிஞ்சியது இது.

2.

முதல் தொடக்கம்: "விமானம் மேகத்துக்குள் நுழைந்தபோது அவர் தன் மூன்று வயது மகனை ஒரு கணம்

(நான் விமானத்தில் ஏறியதே இல்லை. அடித்துவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: "அந்தப் பழைய புகைப்படத்தில் இருந்தவரின் கண்களில் இனம்புரியாத ஒரு

(இனம்புரியாததை எழுத நான் எதற்கு?)

மூன்றாம் தொடக்கம்: என் தாய்மாமா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார்.

இதில் அடிக்க ஒன்றுமில்லை. மேலே போகலாம்.

மாமாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. அவருக்கு மூன்று வயதாக இருக்கும்போது, என் அம்மா கைக்குழந்தை, அவர்களுடைய அப்பா செத்துப்போனார். விமானம் ஓட்டியவர், போனவர் திரும்பவில்லை என்று சொல்லி இரண்டு பேரையும் வளர்த்திருக்கிறார்கள். அதற்கு இருக்கும் ஒரே அத்தாட்சி மாமா வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். தோல் ஜாக்கெட், கழுத்து வரை இழுத்துவிட்ட ஜிப், நிமிர்ந்த தலை, முதுகுக்குப் பின்னால் மறைந்த இடது கை. முறைப்படி அவர் எனக்குத் தாத்தா. ஆனால் படத்தில் என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். அப்படிப்பட்டவரைத் தாத்தா என்று கூப்பிட வாய் வரமாட்டேன் என்கிறது; எழுத்தில் மட்டும் தாத்தா என்கிறேன்.

அந்த இடது கை எங்கள் குடும்பச் சொத்து. எந்தப் படமானாலும் மாமா இடது கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பார். அவருடைய இரண்டு மகன்களும் அப்படியே. டிரைவிங் ஸ்கூல் விளம்பரப் பலகையில்கூட மாமாவுக்கு ஒரே கை. ஒற்றைக் கையால் கார் ஓட்டக் கற்றுத்தரும் இடம் என்று நினைத்து ஒருவர் விசாரிக்க வந்திருக்கிறார்.* "அப்பா நின்ன நிப்புடா அது. அதெல்லாம் ரத்தத்துல வரணும்" என்பார் மாமா. எனக்கு வரவில்லை.

(* இதை நான் கட்டிவிட்டேன். ஆனால் நம்பும்படிதான் இருக்கிறது.)

இந்த வருடம் விமானத் தளத்து அருங்காட்சியகத்தில் ஒரு நினைவுச் சுவர் எழுப்புகிறார்கள். பறந்து திரும்பாதவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டுவார்களாம். ஆவணம் இல்லாத குடும்பங்கள் சீருடையில் எடுத்த படத்தையும், அந்தச் சீருடையை அடையாளம் கண்ட ஒருவரின் கடிதத்தையும் சேர்த்து அனுப்பலாம். கடைசி நாள் முப்பதாம் தேதி. விண்ணப்பத்தை மாமா பதினோரு முறை நிரப்பிப் பார்த்திருக்கிறார், பென்சிலில்.

"டேய், பழைய படத்தைப் பார்த்து எந்த ஜாக்கெட்டுன்னு சொல்றவரு ஒருத்தரு இருக்காரு, பேட்டி எடுக்கப் போறேன்னியே?"

"ஆமா மாமா. அவரைக் கிண்டல் பண்ணி எழுதப் போறேன்."

"தாராளமா பண்ணு. முதல்ல லெட்டரை வாங்கிட்டு பண்ணு."

படத்தைக் கழற்றிக் கொடுத்தார். சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் புதுப் பெயிண்டாக இருந்தது.

3.

நான் பேட்டி எடுக்கப் போனவரைக் காலர் என்று கூப்பிடுகிறார்கள். எந்தப் படத்தைக் கொடுத்தாலும் முதலில் காலரைத்தான் பார்ப்பார் என்பதால். முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து ஓய்வு பெற்றவர். ஒரு கண்ணாடிக் கடைக்கு மேலே ஒற்றை அறை. ஜன்னலை ஒட்டி மேஜை, மேஜையில் மூன்று லென்ஸ், ஒரு பல் டாக்டர் விளக்கு. கிண்டலுக்கு வேண்டியதெல்லாம் தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி இருந்தது. நான் நோட்டைத் திறந்தேன்.

"முதல்ல காலர்" என்றார். "ரோமம் வச்சிருந்தா ஒண்ணு கடற்படை, இல்லேன்னா ரொம்ப உயரத்துல குளிர்ல பறக்குறவன். வெறும் தோலா இருந்து நுனியில பிரஸ் பட்டன் இருந்தா அது வேற. அப்புறம் தோள்ல பட்டி இருக்கா. அப்புறம் பாக்கெட் மூடி. அந்த மூடியோட வளைவு இருக்கே, ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் ஒவ்வொரு மாதிரி. மறைக்கவே முடியாது."

"முகம், சார்?"

"முகத்தை நம்பாதீங்க தம்பி. இந்த ஜாக்கெட்டைப் போட்டா எல்லா முகமும் நான்தான் பைலட்னு சொல்லும்."

சொல்லிவிட்டு, தீப்பெட்டி அளவில் வெட்டிய ஓர் அட்டைத் துண்டை எடுத்துத் தாத்தாவின் முகத்தின்மேல் வைத்தார். அதுதான் அவர் வேலை செய்யும் முறை. முகத்தை மூடிவிட்டுத்தான் லென்ஸை எடுப்பார். முப்பது வருடம் மனிதர்களின் எலும்பை மட்டும் பார்த்த ஒருவருக்கு இது பெரிய விஷயமில்லை என்று நோட்டில் குறித்துக்கொண்டேன். நல்ல வரி. (கட்டுரை செத்துவிட்டதால் இங்கே பயன்படுத்திக்கொள்கிறேன்.)

காலர், தோள், பாக்கெட் என்று லென்ஸ் இறங்கியது. வலது பாக்கெட்டில் நின்றுவிட்டது. நிமிராமலே, "இது யாருக்கு?" என்றார்.

"எங்க மாமாவோட அப்பா, சார். சுவருக்கு."

"அவரைக் கூட்டிட்டு வாங்க."

"லெட்டர்?"

"ஜாக்கெட் அசல். சுத்தமான அசல். அவரைக் கூட்டிட்டு வாங்க."

4.

இந்த இடத்தில் எனக்குக் காலர்மேல் சந்தேகம் வந்தது. ஒரு பாத்திரம் இவ்வளவு சரியான நேரத்தில் வாயை மூடிக்கொள்ளலாமா? வாசகர் அடுத்த பக்கம் புரட்ட வேண்டும் என்று இவருக்கு என்ன அக்கறை? அவரை இருமவிட்டு, டீ குடிக்கவிட்டு, இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். எழுத எழுத நடிகர் மாதிரி ஆகிக்கொண்டே போனார். ஆகவே நடந்ததை நடந்தபடி வைக்கிறேன்.

மறுநாள் காலை மாமா இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். மேஜையில் ஐந்து படங்கள் வரிசையாக இருந்தன, ஐந்து முகத்திலும் அட்டை. ஆறாவதாகத் தாத்தாவை வைத்தார் காலர். மாமா கையில் லென்ஸைக் கொடுத்தார்.

"வலது பாக்கெட் மூடிக்குக் கீழே பாருங்க. கோடு மாதிரி வெளுப்பா ஒண்ணு ஓடுதா?"

"ஆமா."

"குதிரைத்தோல். அந்தக் குதிரை உயிரோட இருந்தப்ப முள்வேலியில கிழிச்ச தழும்பு. இப்ப அடுத்த படத்துல பாருங்க."

மாமா ஆறு படத்தையும் பார்த்தார். ஆறிலும் அதே கோடு, அதே இடத்தில், கடைசியில் அதே சின்ன வளைவோடு.

"அஞ்சு குடும்பத்துப் படம், அஞ்சு வெவ்வேற வருஷம் வந்தது. அருங்காட்சியகத்துக்கு, பத்திரிகைக்கு, பேரன் பேத்திக்குக் காட்ட. ஒவ்வொரு தடவையும் முகத்தை மூடிட்டு, அசல்னு எழுதிக் குடுத்தேன். அஞ்சு தடவையும் சரியாத்தான் சொன்னேன் சார். அஞ்சு தடவையும் ஒரே ஜாக்கெட்டைத்தான் சொல்றேன்னு போன வருஷம் ஆல்பத்துல ஒட்டுறப்பதான் தெரிஞ்சது."

பிறகு பீரோவைத் திறந்து அந்த ஜாக்கெட்டையே வெளியே எடுத்தார். பழைய ஸ்டுடியோ ஒன்றைக் காலி செய்தபோது டிரங்குப் பெட்டியில் கிடந்ததாம். போரில் மிஞ்சியதை எவரோ விற்க, ஸ்டுடியோக்காரர் வாங்கி ஆணியில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்கள் எல்லாரும் போட்டிருக்கிறார்கள். வலது பக்கம் தழும்பு. இடது மணிக்கட்டில் கம்பளிப் பின்னல் பிரிந்து, நூல் நூலாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"அது கிழிஞ்சது தெரியக் கூடாதுன்னுதான்" என்றார் காலர், "எல்லாரையும் இடது கையைப் பின்னால கட்டச் சொல்லியிருக்கான்."

ஆறு படத்திலும் இடது கை இல்லை.

நான் எழுதுகிறவன். இதைவிடப் பெரிய நகைச்சுவை என் மேஜைக்கு இனி வரப்போவதில்லை என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்தது. மாமாவைப் பார்த்தேன். அப்போதும் அவருடைய இடது கை முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. அதை முன்னால் கொண்டுவர அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

5.

மாமா அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். ஜாக்கெட்டை அதற்குமேல் அவர் பார்க்கவில்லை. ஒருவருக்கு மீசை சரியாக முளைத்திருக்கவில்லை. ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"இவர் யாருங்க? முதல்ல இருக்கவரு."

"எங்கப்பா" என்றார் காலர்.

(இதைப் படித்த நண்பன், "ரொம்பத் தோதா இருக்கு, தூக்கிடு" என்றான். நானும் தூக்கிப் பார்த்தேன். அதன் பிறகு, இந்த மனிதர் ஏன் இருபது வருடம் ஜாக்கெட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதற்குக் கதையில் காரணமே இல்லாமல் போய்விட்டது. திரும்ப வைத்துவிட்டேன்.)

"அவர் பேரு சுவருக்குப் போயிருக்கா?"

"போயிருக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி பட்டியல் ஆரம்பிச்சப்பவே, பழைய லெட்டரை வச்சு. நான் எழுதினதுதான்."

"எடுக்கச் சொன்னீங்களா?"

காலர் லென்ஸைச் சட்டை நுனியால் துடைத்தார். "இல்லை."

"மத்தவங்க பிள்ளைங்ககிட்ட?"

"சொல்லலை. லெட்டருக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சது உங்க விஷயத்துலதான். அதான் உங்களைக் கேட்டுட்டு எழுதலாம்னு."

மாமா ஜாக்கெட்டைக் கையில் எடுத்தார். மாட்டிக்கொண்டார். தோள் சரியாக இருந்தது. கை மட்டும் மூன்று விரல் அளவுக்குப் பத்தவில்லை. படத்திலும் தாத்தாவின் வலது மணிக்கட்டு அப்படித்தான் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"எட்டு வயசுல அம்மாகிட்ட கேட்டேன்" என்றார் மாமா. "பைலட்டுக்கு அளவெடுத்துத் தைக்க மாட்டாங்களாம்மா, ஏன் அப்பாவுக்குக் கை குட்டையா இருக்குன்னு. முதுகுலயே ஒண்ணு வச்சாங்க. அதுக்கப்புறம் நான் கேட்கலை."

ஜாக்கெட்டைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுக் காலரைப் பார்த்தார். "இதனால அவர் பைலட் இல்லைன்னு ஆயிடுமா?"

"ஆகாது. பைலட்னும் ஆகாது. பைலட்டும் ஸ்டுடியோவுக்குப் போவான், இரவலும் வாங்குவான். ஜாக்கெட் அசல்ங்கிறது மட்டும்தான் என்னால சொல்ல முடியும்."

"அதையே எழுதுங்க."

இரண்டே வரி எழுதினார். படத்தில் உள்ளது விமானப்படைக்கென்று தைக்கப்பட்ட அசல் ஜாக்கெட். தோல், தோள்பட்டி, பாக்கெட் மூடி ஆகியவற்றைக் கொண்டு உறுதி செய்கிறேன். இரண்டு வரியிலும் ஒரு பொய்கூட இல்லை. படித்துப் பார்த்தேன், எனக்குப் பொறாமையாக இருந்தது.

6.

முடிவுகள்.

அ) மாமா கடிதத்தைக் கிழித்துப் போடுகிறார். வெளியே மழை. (மாமா பஸ் டிக்கெட்டைக்கூடக் கிழிக்காமல் பத்திரப்படுத்துகிறவர். மழையும் பெய்யவில்லை.)

ஆ) பெயர் கல்லில் ஏறுகிறது. குடும்பமே அதன் முன்னால் நின்று இரண்டு கையும் தெரிய ஒரு படம் எடுத்துக்கொள்கிறது. (இதை எழுதும்போதே எனக்குக் கண் கலங்கியது. ஆகவே நம்பத்தக்கதல்ல.)

இ) நடந்தது. படிக்கட்டில் இறங்கும்போது மாமா விண்ணப்பத்தையும் கடிதத்தையும் படத்தின் நகலையும் கவரில் போட்டு ஒட்டி என்னிடம் நீட்டினார்.

"நீ போஸ்ட் பண்ணு. இல்ல, பண்ணாதே. எதுவானாலும் எங்கிட்டச் சொல்லாதே."

"நான் எதுக்கு மாமா? உங்கப்பா."

"இரவல் சட்டையில நிக்கிறவன் பொய்யன்னு மூணு பக்கம் எழுதினவன் நீதானே? உங்கம்மா படிச்சுக் காட்டினா. நல்லாத்தான் எழுதியிருக்கே. நீயே முடிவு பண்ணு."

(ஆக, படித்தவர்கள் நான்கு பேர்.)

அவர் காரை எடுத்துக்கொண்டு போனார். கியர் மாற்றும்போது இடது கையை ஒரு கணம் பார்த்துக்கொண்டது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

7.

இந்தக் கதையை ஒரு பத்திரிகை ஏற்றுக்கொண்டுவிட்டது. கல்லூரிப் பத்திரிகை இல்லை, கடையில் விற்கிற பத்திரிகை. ஆசிரியர் தொலைபேசியில் சொன்னார்: "கடைசிப் பகுதியை முப்பதாம் தேதிக்குள்ள அனுப்புங்க தம்பி. கூடவே உங்க படம் ஒண்ணு."

முப்பதாம் தேதி காலை காலரின் அறைக்குப் போனேன். பத்திரிகைக்கு என் படம் கேட்கிறார்கள் என்றேன். அவர் பீரோவைத் திறந்து ஜாக்கெட்டை விரித்துப் பிடித்தார். நான் கையை நுழைத்தேன். கனமாக இருந்தது. எனக்கும் மூன்று விரல் பத்தவில்லை. ஜன்னல் பக்கம் நிறுத்தி அவரே என் போனில் படம் எடுத்தார்.

"அசையாதீங்க. மூச்சை இழுத்துப் பிடிங்க. ம், விடலாம்."

பிறகு திரையில் என் முகத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு பார்த்தார். "அசல்" என்றார்.

ஆசிரியர் வெட்டாமல் இருந்தால் அந்தப் படம் இந்தப் பக்கத்தின் மேலே இருக்கும். நீங்களும் முகத்தை மூடிக்கொள்ளுங்கள். முதலில் காலர். பிறகு தோள்பட்டி. பிறகு வலது பாக்கெட். தழும்பு தெரிகிறதல்லவா? அதற்கு மேலே உள்ள மூடியைப் பாருங்கள். கவர் இன்னும் என்னிடம் இருந்தால் அதை மடித்து வைக்க எனக்கிருந்த இடம் அந்தப் பாக்கெட்தான்; மூடி கொஞ்சம் உப்பியிருக்கும். வருகிற வழியில் தபால் பெட்டியில் போட்டிருந்தால் தட்டையாக இருக்கும். அச்சு மங்கலாக இருந்தால் லென்ஸ் பிடியுங்கள். எது என்று எனக்கு எழுத வேண்டாம். என் மாமாவுக்கும் எழுத வேண்டாம்.

இடது கையைத் தேடாதீர்கள். காலர் அப்படி நிற்கச் சொல்லவில்லை. அதுவாகத்தான் பின்னால் போயிற்று.