முதல் கையெழுத்து

அந்தக் கடை வளாகத்தில் ஒரு வழக்கம். வருடத்துக்கு ஒருமுறை பராமரிப்புச் செலவுத் தாள் வரும். லிஃப்ட், காவல், துப்புரவு எல்லாம் சேர்த்து மொத்தத் தொகை மட்டும் அதில் இருக்கும். அவரவர் பங்கு ஒட்டிய உறையில் தனியாக வரும். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தாளில் முதல் கையெழுத்தைப் போடுவார். அதைப் பார்த்துவிட்டு மற்ற பதினோரு கடைக்காரர்களும் கண்ணை மூடிக்கொண்டு போடுவார்கள்.

ஏன் அவர்? கட்டட மேனேஜர் அவர் மனைவியின் தம்பி. அவனைப் படிக்க வைத்ததும் இந்த வேலைக்குச் சிபாரிசு செய்ததும் அவர்தான். "அவன் கை சுத்தம், நான் பொறுப்பு" என்று மார்தட்டுவார். ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிற மனிதருக்கு மைத்துனனைச் சோதிக்க மட்டும் தோன்றவே இல்லை.

இந்த வருடம் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரி தன் உறையோடு வந்து நின்றாள்.

"இதுக்கு மேல தாங்காதுண்ணே. கடையக் காலி பண்ணிடலாம்னு இருக்கேன்."

"எனக்கும்தாம்மா ஏத்தியிருப்பான். எல்லாருக்கும் ஒரே கணக்குதானே?"

ஆறுதலுக்காகத் தன் உறையையும் அவள் எதிரிலேயே பிரித்தார். மைத்துனன் மேனேஜராக வந்த பத்து வருடத்தில் அப்படி இரண்டு சீட்டுகள் பக்கம் பக்கமாகக் கிடந்தது அதுதான் முதல் தடவை. இரண்டும் ஒரே அளவுக் கடை. அவள் தொகையோ அவருடையதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்.

அவர் இரண்டு சீட்டுகளையும் கையில் எடுத்தார். கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு மேனேஜர் அறைக்கு ஓடினார். அவளும் பின்னாலேயே போனாள்.

"என்னடா இது?"

மைத்துனன் சீட்டுகளைப் பார்த்தான். மழுப்பிப் பார்த்தான், முடியவில்லை.

"உங்களுக்குப் பாதிதான் போடறது மாமா. மீதிய மத்தவங்க பங்குல சேர்த்துடுவோம். கட்டட ஓனர் வீட்டு ரிப்பேர் செலவும் அதுலதான் போகுது. நீங்க மொதல்ல கையெழுத்துப் போட்டா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்கன்னு ஓனருக்குத் தெரியும்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா!"

"சொன்னா போட்டிருப்பீங்களா?"

தான் சோறு போட்டு வளர்த்த பையன், அவருக்கே தெரியாமல் அவரை விலைபேசி விற்றிருக்கிறான். அதுவும் பாதி விலைக்கு.

"சரி மாமா, தப்புதான்," என்றான் மைத்துனன். "இனிமே உங்களுக்கும் முழுசா போட்டுடறேன். பத்து வருஷத்துக் குறைச்சலையும் உங்க கணக்குல எழுதி வாங்கி, மத்தவங்களுக்குத் திருப்பிக் குடுத்துடட்டுமா? நீங்களே சொல்லுங்க."

'குடுடா' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். பத்து வருடம். மகளின் காலேஜ் ஃபீஸ், புது லென்ஸ் மெஷினுக்கு வாங்கிய கடன் எல்லாம் ஒன்றாகக் கண்முன் வந்து நின்றன. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் தயங்கியிருப்பார்.

"குடுத்துடு," என்றார்.

ஆனால் ஜெராக்ஸ் கடைக்காரி அந்த ஒரு மூச்சைப் பார்த்துவிட்டாள். மேசையிலிருந்து தன் சீட்டை மட்டும் எடுத்து மடித்துக்கொண்டாள்.

"பரவால்ல சார்," என்றாள் அவரிடம். "கடைச் சாவிய எப்போ குடுக்கணும்னு மட்டும் ஓனர்கிட்ட கேட்டுச் சொல்லிடுங்க."