வேய்ன் ஆக்ராய்ட் எறிந்த கல்

கில்பர்ட் தெருமுனையில் தீயணைப்பு வண்டியின் மீது எறியப்பட்ட கற்கள் இரண்டு வருடமாகக் கீழே விழவில்லை. யார்க்‌ஷயர் முழுக்கச் சொக்கப்பனை கொளுத்தும் நவம்பர் ஐந்தாம் தேதி அது. தெரு இளவட்டங்கள் நடுரோட்டில் சோபாவையும் டயர்களையும் குவித்துக் கொளுத்திவிட்டு, அணைக்க வந்த வண்டியைக் கல்லால் வரவேற்றார்கள். முதல் கல் ஜன்னலை உடைத்துக்கொண்டு போய், ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருந்த தீயணைப்பு வீராங்கனை பெவர்லி ஹார்ஸ்ஃபாலின் தாடையையும் ஐந்து பற்களையும் நொறுக்கியது. பின்னால் வந்தவை எல்லாம் வண்டிக்கு ஒரு கை தூரத்தில், உள்ளே இருந்தவர்களைக் குறிவைத்தபடி, ஆள் உயரத்தில் அந்தரத்தில் நின்றுவிட்டன. வண்டி பின்வாங்கிப் போயிற்று. கற்கள் போகவில்லை.

நகராட்சி ஆட்கள் சங்கிலி கட்டி இழுத்தார்கள். சங்கிலி அறுந்து ஒருவரின் இரண்டு விரல்களைக் கொண்டுபோனதுதான் மிச்சம். பிறகு புறாக்கள் அவற்றின் மேல் உட்காரப் பழகின. சின்னக் கார்கள் அடியில் நுழைந்து போயின. குப்பை வண்டி நுழைய முடியாததால் தொட்டிகளைத் தெருமுனை வரை இழுத்துப் போக வேண்டியிருந்தது. தீயணைப்பு வண்டியும் நுழைய முடியாது என்பதைவிடத் தெருவாசிகளுக்கு அதுதான் பெரிய எரிச்சல்.

ஒருநாள், எறிந்தவர்களில் ஒருவனான லீ பார்க்கின் குடித்துவிட்டு வந்து தன் செங்கல்லின் மேல் கையை ஊன்றினான். அது பாக்கிப் பயணத்தை முடித்துக்கொண்டு அவன் விலா எலும்புகள் மூன்றை உடைத்துவிட்டு, சாதாரணச் செங்கல்லாகத் தரையில் கிடந்தது. எறிந்தவன் தொட்டால்தான் கல் அசையும், அசைந்தால் சதை கேட்கும் என்பது அப்படித்தான் தெரிய வந்தது. யாரைக் குறிபார்த்து எறிந்ததோ அவர் தொட்டாலும் அசையும் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

தாடைக்குள் உலோகத் தகடுகளோடு பெவர்லி வேலைக்குத் திரும்பியபோது அவளை வீட்டுப் பாதுகாப்புப் பிரிவில் போட்டார்கள். வீடு வீடாகப் போய்ப் புகை அலாரம் மாட்டுவது, சிப்ஸ் பொரிக்கும் எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதே என்று சொல்வது. அவள் கேட்டு வாங்கிய தெரு கில்பர்ட் தெரு. யாரையும் அவள் திட்டவில்லை. "கல்லை எடுன்னு சொல்ல வரலப்பா. அலாரம் மாட்ட வந்தேன். ஆனா இது கத்துனாலும் வண்டி அந்த முனையிலதான் நிக்கும்" என்று மட்டும் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒவ்வொருவராக வந்து கல்லின் முன் நின்றார்கள். காரை எலும்பு, முழங்கால், மூக்கு என்று அவரவர் பங்கை வாங்கிக்கொண்டார்கள். விழுகிறவர்களைப் பெவர்லி பின்னால் நின்று தாங்கினாள்.

கடைசியில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. தெருவின் நட்டநடுவில், பாதி நடைபாதைக் கல். வேய்ன் ஆக்ராய்டுடையது. முதல் கல்லும் அவனுடையதுதான், இரண்டையும் அவளைப் பார்த்துத்தான் எறிந்தான். அவள் அவன் முகத்தை நேராகவே பார்த்திருந்தாள்.

தெருக்கோடி வீட்டுக் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, "என்னம்மா, மிச்சப் பல்லையும் குடுத்துட்டுப் போக வந்தியா?" என்றான் வேய்ன்.

"உங்கம்மாவப் பாக்க வந்தேன். நீ வாசலை அடைக்காத."

"விடுடா அவள!" என்று மாடியிலிருந்து அவன் அம்மா டோரீன் இருமினாள். "மேல வா கண்ணு. இவன் மூஞ்சியவே பாத்துப் பாத்துச் சலிச்சுப்போச்சு."

டோரீனுக்கு நுரையீரல் போய்விட்டிருந்தது, சிகரெட் போகவில்லை. கால் வறட்சிக்குப் பாரஃபின் களிம்பு பூசிப் பூசிப் போர்வையெல்லாம் ஊறிக் கிடந்தது. அதில் ஒரு பொறி பட்டால் போதும் என்று பெவர்லிக்குத் தெரியும். தன் தாடையை உடைத்தவனின் தாயைக் காப்பாற்றியே தீர வேண்டும் என்று அவளுக்கு ஏன் அப்படியொரு வெறி வந்தது என்று அவளுக்கே புரியவில்லை. எரியாத போர்வை கொடுத்தாள், அலாரம் மாட்டினாள். பன்றி இறைச்சி பொரிக்கும்போதெல்லாம் அது அலறுகிறது என்று மறுவாரமே வேய்ன் அதற்குக் குளியல் தொப்பியை மாட்டி வாயை அடைத்தான். டோரீனுக்கும் புதுப் போர்வை அரித்தது, பழையதையே போர்த்திக்கொண்டாள்.

தீ ஒரு மத்தியானம் பிடித்தது. பெவர்லி இரண்டு வீடு தள்ளி அலாரம் மாட்டிக்கொண்டிருந்தாள். ஓடி வந்தபோது மாடி ஜன்னல் வெடித்துச் சிதறியது. படிக்கட்டு எரிந்தது. உள்ளே டோரீன் அலறிக்கொண்டிருந்தாள். வண்டி வந்து கல்லின் முன் நின்றது. குழாய் தெருக்கோடி வரை எட்டவில்லை. முகமூடி மாட்டி ஓடிய இருவர் தண்ணீர் இல்லாமல் படியேற முடியாமல் திரும்பினார்கள்.

"ஏறிப் போங்கடா! எங்கம்மா உள்ள இருக்கா!" என்று வேய்ன் வண்டியின் பக்கவாட்டை உதைத்தான். பிறகு கல்லைப் பார்த்தான். அது அவன் முக உயரத்தில் இருந்தது. அவன் கால்கள் நகரவில்லை.

பெவர்லி அவனைத் தாண்டி நடந்தாள். கல்லின் முன் போய் நின்று கையை உயர்த்தினாள்.

"ஏய்! அது உனக்கில்ல!"

"எனக்குன்னுதானே எறிஞ்ச?"

வேய்ன் பாய்ந்து வந்து அவளைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டுக் கல்லை இரண்டு கையாலும் பிடித்தான். எலும்பு உடைந்த சத்தம் வண்டிக்குள் கேட்டது. தாடை ஒரு பக்கமாகத் திரும்ப, பற்களும் ரத்தமும் தெருவில் தெறித்தன. பெவர்லி அவனை ஓரமாக இழுத்துப்போட, கீழே விழுந்த கல்லின் மேலேயே சக்கரம் ஏறி வண்டி உள்ளே போயிற்று.

டோரீன் கால்கள் வெந்து, உயிரோடு வந்தாள். வேய்னின் தாடையில் இப்போது தகடுகள் இருக்கின்றன, பெவர்லிக்கு இருக்கும் அதே பக்கத்தில். குளிர் ஏறும் நாட்களில் இருவருக்கும் சேர்ந்தே வலிக்கிறது. அலாரம் தொப்பியில்லாமல் கத்துகிறது, டோரீன் அதைத் திருப்பித் திட்டுகிறாள்.

ஒவ்வொரு நவம்பர் ஐந்தும் யாராவது எறியத்தான் செய்கிறார்கள், கற்களும் அந்தரத்தில் நிற்கத்தான் செய்கின்றன. மறுநாள் குப்பை வண்டி வருவதற்குள் முடித்தாக வேண்டும் என்பதால், எறிந்தவர்கள் விடிந்ததும் தெருமுனையில் வரிசையில் நிற்பார்கள். பெவர்லி பிளாஸ்கில் தேநீர் கொண்டு வருவாள். பின்னால் நின்று தாங்குவது வேய்ன். "குனியாத," என்று ஒவ்வொருவர் காதிலும் கோணல் வாயால் சொல்வான், "நான் புடிச்சுக்கறேன்."