பெரியவர் முகத்திலிருந்த நட்சத்திரம்

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குப் பெரியவரின் முகத்திலிருந்த நட்சத்திரம் உதிர்ந்து மேஜைமேல் விழுந்தது. பத்தொன்பது வருஷமாக ஒட்டிக்கொண்டிருந்த சிவப்புக் காகித நட்சத்திரம். கணக்கக்காவுக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

பெரியவர் என்றதும் யாரோ மனுஷர் என்று நினைத்துவிடாதீர்கள். அது அவளுடைய கால்குலேட்டர். காய்கறிக் கடையில் தட்டுகிற சாமானும் இல்லை. வட்டி எவ்வளவு, தவணை எவ்வளவு, எத்தனை வருஷம் என்று நாலைந்து பொத்தானைத் தட்டினால் ஒரு மனுஷனின் மிச்ச வாழ்க்கையை ஒரே வரியில் சொல்லிவிடும். முதல் மாதச் சம்பளத்தில் பாதியைக் கொட்டி வாங்கியது. வேலையை விட்டுத் தனியாக ஆலோசனை சொல்ல ஆரம்பித்தபோது, மாடியில் ஒற்றை அறை, இரண்டு நாற்காலி, இந்தப் பெரியவர், அவ்வளவுதான் மூலதனம்.

கடன் வாங்கப் போகிறவர்கள் வருவார்கள், வேலையை விடப் போகிறவர்கள் வருவார்கள். "இருங்க, பெரியவரை ஒரு வார்த்தை கேட்டுடுவோம்" என்பாள். கடன் கம்பெனிக் கம்ப்யூட்டர் வேறு தொகை காட்டுகிறதே என்று யாராவது இழுத்தால் போச்சு. "அவங்க கட்டணம்னு எதையாவது பிடிச்சுக்கிட்டிருப்பாங்க. பெரியவர் இதுவரைக்கும் பொய் சொன்னதில்ல" என்று ஒரே போடாகப் போடுவாள். அந்த வாய்க்கு முன்னால் யார் நிற்பது?

நட்சத்திரம் மகள் ஒட்டியது. ஒன்றாம் வகுப்பில் எல்லாக் கணக்கும் சரியாகப் போட்டதற்கு டீச்சர் கொடுத்தது. "இதுதாம்மா என்னைவிடச் சரியாப் போடுது" என்று சொல்லித் திரையின் கீழ் மூலையில் அப்பிவிட்டாள். எண்கள் தெரிகிற இடம் மறையவில்லை. அதனால் கணக்கக்காவும் அப்படியே விட்டுவிட்டாள்.

இப்போது திரும்ப ஒட்டுவதற்காக, அந்த இடத்துப் பிசினை ஈரத் துணியால் துடைத்தாள். துடைத்த கை நின்றுபோயிற்று.

மூலையில் எறும்பு அளவு எழுத்தில் ஒரு சொல் இருந்தது. பிகின்.

விஷயம் சின்னதுதான். பணம் மாதத்துக்கோ வருஷத்துக்கோ தொடக்கத்தில் கைமாறுகிறதா, முடிவிலா என்று பெரியவரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். தொடக்கம் என்றால் மூலையில் 'பிகின்' என்று வரும். முடிவு என்றால் மூலை காலியாக இருக்கும். ஒருமுறை சொல்லிவிட்டால், பேட்டரியை மாற்றினாலும் அது மாறாது, நாம்தான் மாற்ற வேண்டும்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு செருப்புக் கடைக்காரருக்கு வாடகைக் கணக்குப் போட்டது ஞாபகம் வந்தது. வாடகை முன்கூட்டியே கட்டுவது, ஆகவே பிகின். வேலை முடிந்ததும் மாற்றியிருக்க வேண்டும். எப்போதும் மூலையைப் பார்த்ததும் மாற்றிவிடுவாள். அன்றைக்கு மூலையைப் பார்ப்பதற்குள் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து நட்சத்திரத்தை ஒட்டிவிட்டாள்.

"ஐயையோ" என்றாள் கணக்கக்கா, வெற்று அறையைப் பார்த்து.

மாதத் தவணைக்காரர்களுக்குப் பெரிய சேதம் இல்லை. ஒரு மாதத்து வட்டிதான் வித்தியாசம். நூற்றுக்கு ஒன்றுகூட வராது. அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை. வருஷக் கணக்கு என்றால் ஒரு முழு வருஷத்து வட்டி. வருஷக் கணக்கு யாருக்குப் போட்டோம் என்று யோசித்தாள். அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

அண்ணனுக்கு.

போன வருஷம் இதே மாதம் அண்ணன் இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். தகர டப்பா செய்கிற ஃபேக்டரியில் முப்பத்து நான்கு வருஷமாகப் பிரஸ் மெஷினை ஓட்டுகிறவன். கையில் முப்பத்தைந்து லட்சம் இருந்தது. அதை ஏழு சதவீத வட்டியில் போட்டு, வருஷக் கடைசியில் மூன்று மூன்று லட்சமாக இருபத்தைந்து வருஷம் எடுக்க வேண்டும். முதல் வருஷச் செலவுக்கு ஃபேக்டரி கொடுக்கும் பணம் போதும். "வேலைய விட்டுடலாமா பாப்பா?" என்று கேட்டான். ஆசாமி பழைய கிட்டார் ஒன்றை அதற்குள் வாங்கியே விட்டான்.

பெரியவரைத் தட்டினாள். முப்பத்தேழு லட்சத்து நாற்பதாயிரம் வேண்டும் என்றார் பெரியவர்.

"பத்தாதுண்ணா. இன்னும் ஒரே ஒரு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டு."

"பெரியவரே சொன்னதுக்கப்புறம் அப்பீல் ஏது" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போனான்.

எட்டாவது மாதம் பிரஸ் இறங்கியது. இடது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. கிட்டார் இன்னும் உறை பிரிக்காமல் அலமாரி மேல் கிடக்கிறது.

பன்னிரண்டு மணிக்கு அவன் வருகிறான், ஓய்வுப் பத்திரங்களில் கையெழுத்துப் போட.

மறுபடி பெரியவரைத் தட்டிப் பார்க்கலாம்தான். ஆனால் தொடவே பிடிக்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். முப்பத்தைந்து லட்சம், ஏழு சதவீதத்தைக் கூட்டு, மூன்று லட்சத்தைக் கழி. அடுத்த வரி. மறுபடி கூட்டு, கழி. பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி உதட்டை அசைத்து அசைத்து இருபத்தைந்து வரி எழுதினாள். பாழாய்ப்போனது எங்கேயாவது பற்றாமல் போகட்டும், ஒரு வரியிலாவது இடிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே எழுதினாள். இடிக்கவில்லை. கடைசி வரியில் இருபத்தோராயிரத்து முந்நூற்று மூன்று மிச்சம் நின்றது.

போன வருஷமே போதுமாக இருந்திருக்கிறது.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. தாளை இழுப்பறைக்குள் தள்ளிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதற்காகத் தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. தாளை மேஜை நடுவிலேயே வைத்தாள்.

"என்ன பாப்பா, பெரியவர் மொட்டையா இருக்கார்? ஸ்டார் எங்கே?" என்று கேட்டுக்கொண்டே வந்தான் அண்ணன். இடது கையைப் பழக்கமாகப் பேன்ட் பைக்குள் வைத்திருந்தான்.

அவள் நட்சத்திரத்தைக் காட்டினாள். மூலையைக் காட்டினாள். செருப்புக் கடைக்காரர், வாடகை, தொடக்கம், முடிவு என்று மூச்சு விடாமல் கொட்டினாள்.

"போன வருஷமே உன்கிட்ட இருந்தது போதும்ணா. நீ அன்னைக்கே விட்டிருக்கலாம். நான்தான்... நான்தான் உன்னைத் திரும்ப அந்த மெஷினுக்கு அனுப்பினேன்."

அண்ணன் உட்காரவில்லை. தாளை எடுத்து மேலிருந்து கீழே வரி வரியாகப் பார்த்தான். கடைசி வரிக்கு வந்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"முந்நூத்தி மூணா?" என்றான்.

"ஆமா."

"எனக்கு முந்நூத்தி அஞ்சு வந்துச்சு."

அவளுக்குப் புரியவில்லை. "எது?"

"போன வருஷம். உன்கிட்ட வர்றதுக்கு முந்தின நாள், சாப்பாட்டு இடைவேளையில போட்டேன். டப்பா அட்டைக்குப் பின்னால, இதே மாதிரி இருபத்தஞ்சு வரி. இருபத்தோராயிரத்து முந்நூத்தி அஞ்சு மிச்சம். சட்டைப் பையில வெச்சுக்கிட்டுத்தான் வந்தேன்."

"அடப்பாவி, ஏண்ணா எங்கிட்டக் காட்டல?"

"எடுக்கலாம்னு கையக்கூட வெச்சேன். அதுக்குள்ள நீ பெரியவரைக் கேட்டுட்டே. பத்தாதுன்னுட்டார். நமக்கு எந்தக் காலத்துல கணக்கு வந்துச்சுன்னு, படி இறங்குறப்பவே கிழிச்சுப் போட்டுட்டேன்."

அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். பைக்குள்ளிருந்த கையை எடுத்து மேஜைமேல் வைத்து, யாருடைய கையோ என்பது போல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளும் பார்த்தாள். கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணு கேக்கறேன், பொய் சொல்லாம சொல்லு" என்றான். "அன்னைக்கு அந்த அட்டையை எடுத்து உன்கிட்டக் காட்டியிருந்தா, நம்பியிருப்பியா?"



"மாட்டேன்ணா" என்றாள். "சிரிச்சிருப்பேன்."