ஹில்டேக்காக ஒரு கணினி

திருநெல்வேலியில் பலாலி வீதியோரம், மருந்துக்கடையொன்றின் மேல்மாடியில் அந்த மென்பொருள் பரிசோதனைக்கூடம் இருந்தது. பிறநாட்டுக் கம்பனிகள் எழுதும் மென்பொருள்களில் பிழை தேடுவதுதான் அங்கே தர்சிகாவின் வேலை. பிழையொன்று அகப்பட்ட நாளில் அவளுக்குச் சாப்பாடு கூட மறந்துபோகும்.

அன்று மத்தியானம் அவள் சாப்பிட்டுவிட்டுப் படியேறி வந்தபோது குழுத் தலைவர் எமில்ராஜ் அவளுடைய மேசையடியில் காத்து நின்றார். குருநகர்க்காரர். எதற்கும் பதறாதவர், அன்று தேத்தண்ணியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"நோர்வே ஆக்கள் எழுதியிருக்கினம், தர்சிகா. ஹில்டேக்கு அவையின்ரை நேரப்படி இண்டைக்குப் பின்னேரம் விசாரணையாம். எங்கடை றிப்போட்டை வைச்சுத்தான் அவவை வேலையாலை நிப்பாட்டப் போகினம்."

ஹில்டே நோர்வேயின் சிறு நகரம் ஒன்றில் வேலை செய்பவர். சிறுநீரக நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போகும் வாகனங்களை ஒரு மென்பொருளில் பதிவது அவர் பொறுப்பு. அண்மையில் அவர் பதிந்த வாகனங்களில் சில வரவேயில்லை. நோயாளிகள் பனிக்குள் காத்து நின்றார்கள். தேடிப் பார்த்தபோது அந்தப் பதிவுகளை ஹில்டேயே நீக்கியதாகக் கணினி காட்டியது. தான் ஒன்றையும் நீக்கவில்லை என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. மென்பொருளில் பிழையில்லை என்று இந்தக் கூடமும் போன கிழமை எழுதிக் கொடுத்திருந்தது.

"நாப்பது மெசினிலை பாத்தனாங்கள் அண்ணை. ஒண்டிலையும் பிழை வரேல்லை" என்ற தர்சிகா, கதிரையை இழுத்தவள் அப்படியே நின்றாள். "நாப்பது மெசினிலையோ, இல்லாட்டி ஒரு மெசினிலை நாப்பது தரமோ?"

"என்ன சொல்லுறீர்?"

அவள் கூடத்தின் மூலையைக் காட்டினாள். அங்கே இரைந்துகொண்டிருந்த பெரிய கணினிக்குள்தான் அந்த நாற்பது மெய்நிகர் கணினிகளும் ஓடின. உள்ளே ஒவ்வொன்றும் தனிக் கணினி போலவே நடந்துகொள்ளும். ஆனால் எல்லாமே ஒன்றிலிருந்து படியெடுத்தவை. ஒரே மொழி, ஒரே எழுத்தளவு, ஒரே நிறம்.

"எங்கடை நாப்பதும் கண் நல்லாத் தெரியிற ஒரே ஆள் அண்ணை. ஹில்டே தன்ரை கணினியை எப்பிடி மாத்தி வைச்சிருக்கிறா? அதை நாங்கள் கேக்கவேயில்லை."

எமில்ராஜ் தேத்தண்ணியை மேசையில் வைத்தார். "அப்ப அவவையே கேப்பம்."

மென்பொருளை எழுதிய நோர்வேக் கம்பனி முதலில் இணங்கவில்லை. விசாரணைக்கு முன் ஹில்டேயுடன் வெளியாட்கள் கதைக்கக்கூடாது என்றார்கள். எமில்ராஜ் விடவில்லை. தொலைபேசியைக் காதில் வைத்தபடி ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார். அதற்குள் தர்சிகா ஒரு மெய்நிகர் கணினியில் மொழியை நோர்வீஜியனுக்கு மாற்றிப் பார்த்தாள். நேரத்தை மாற்றினாள், திகதி எழுதும் முறையை மாற்றினாள். பதிவுகள் அசையாமல் இருந்தன.

மூன்று மணியளவில் ஹில்டே இணைப்பில் வந்தார். ஆங்கிலத்தில், உலர்ந்த குரலில், "நான் மறதிக்காரி இல்லை" என்பதைத்தான் முதலில் சொன்னார்.

"உங்களை நம்பித்தான் அழைத்தேன்" என்றாள் தர்சிகா. "உங்கள் திரை எப்படி இருக்கும் என்று சொல்லுங்கள். எனக்கு அது போதும்."

ஹில்டே மெல்லக் கதைக்கத் தொடங்கினார். பார்வை குறைந்துகொண்டு வருகிறது. அதனால் கண் களைக்கும் நாட்களில் எழுத்துகளைப் பெரிதாக்கி, பின்னணியைக் கறுப்பாக்கிக்கொள்கிறார். "சுட்டியின் அம்புக்குறியைத் தேடிப்பிடிப்பதுதான் கஷ்டம். திரையில் கேள்விப்பெட்டி திறந்தால் அது எப்போதும் தானாகவே சரியான பொத்தானில் போய் நிற்கும்படி வைத்திருக்கிறேன். நான் பார்க்காமலே அழுத்திவிடுவேன்."

தர்சிகா நிமிர்ந்து எமில்ராஜைப் பார்த்தாள். அவர் ஏற்கனவே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அவளருகே வந்துவிட்டார்.

"தயவுசெய்து வைத்துவிடாதீர்கள்" என்று ஹில்டேயிடம் சொல்லிவிட்டு அவள் புதிய மெய்நிகர் கணினி ஒன்றைத் திறந்து, பயனர் பெயராக ஹில்டே என்று எழுதினாள். முதலில் பின்னணியைக் கறுப்பாக்கி எழுத்தைப் பெரிதாக்கினாள். வாகனத்தைப் பதிந்தாள். பதிவு இருந்தது. எழுத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, அம்புக்குறியைத் தானாக நகரவிட்டாள். பதிவு இருந்தது.

"ரெண்டையும் சேத்து வையும்" என்றார் எமில்ராஜ்.

சேர்த்து வைத்தாள். பதிவு செய்ததும் கேள்விப்பெட்டி திறந்தது. பெரிய எழுத்தில் இரண்டு பொத்தான்கள்: உறுதிசெய், நீக்கு. அம்புக்குறி திரையின் குறுக்கே பாய்ந்து நின்றது.

நீக்கு என்பதன் மேல்.

அவள் அழுத்தினாள். மணி ஒன்று மெல்ல ஒலித்தது, உறுதிசெய்தால் வரும் அதே மணி. பதிவைக் காணவில்லை.

"திரும்பச் செய்யும்" என்றார் எமில்ராஜ். செய்தாள். திரும்பவும் போனது. எழுத்துப் பெரிதாகும்போது பொத்தான்கள் இடம் மாறுவதை மென்பொருள் கணக்கில் எடுக்கவில்லை. உறுதிசெய் என்பது பழைய அளவில் எங்கே இருந்திருக்குமோ, அங்கேயே அம்புக்குறியை அனுப்பிக்கொண்டிருந்தது. பெரிய எழுத்தில் அந்த இடத்தில் இருந்தது நீக்கு.

எமில்ராஜ் எழும்பி நின்று தலையில் கைவைத்துச் சிரித்தார். தர்சிகா தொலைபேசியை எடுத்து நடந்ததைச் சொன்னாள். மறுமுனையில் ஹில்டே மூச்சை இழுத்துவிடுவது கேட்டது. "இன்னொரு முறை சொல், மெதுவாக" என்றார். அவள் சொன்னாள். அதற்குப் பிறகு அவர் அழுதார்.

விசாரணை தொடங்குமுன் கம்பனிப் பொறியியலாளரைக் காணொளியில் பிடித்தார்கள். அவர் அரைமனதோடு தன் கணினியிலும் அந்த இரண்டு அமைப்புகளையும் மாற்றினார். வாகனத்தைப் பதிந்தார், அழுத்தினார், பதிவு மறைந்தது. பிறகு தன் மொழியில் ஏதோ சொன்னார். இவர்களுக்கு விளங்கவில்லை, ஆனால் எமில்ராஜ் தர்சிகாவுக்குக் கண்ணைக் காட்டினார்.

விசாரணை நடக்கவில்லை. அடுத்த நாளே ஹில்டே வேலைக்குத் திரும்பினார். இரண்டு பொத்தான்களுக்கும் வேறுவேறு மணி வைக்கவேண்டும் என்று அவரே கேட்டு வாங்கினார்.

கூடத்தில் பழைய நாற்பதையும் கலைத்தார்கள். இடக்கைக்காரர், நிறம் பிரித்தறியாதவர், விசைப்பலகை மட்டும் பாவிப்பவர் என்று ஒவ்வொரு கணினிக்கும் ஒவ்வொரு ஆளைத் தர்சிகா அமைக்கத் தொடங்கினாள். இடக்கைக்காரரை முடித்து ஓடவிட்டுச் சற்று நேரத்தில் திரையில் சிவப்பாகப் பிழைச் செய்தி ஒன்று விழுந்தது.

"அண்ணை, ஓடி வாங்கோ. இஞ்சை இன்னொண்டு."